பேஸ்புக் விளம்பரத்துக்கு 18% வற்: சுமை ஆருடைய தலையில்?

பனையடி:
பனங்கட்டி, ஒடியல் மா, புழுக்கொடியல் செய்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்புறன். வாங்கிற ஆக்கள் முக்கால்வாசிப் பேர் பேஸ்புக் விளம்பரம் பார்த்துத்தான் வருகினம். வெளிநாட்டுக் கொம்பனியளின்ரை டிஜிற்றல் சேவைக்கு 18% வற் (பெறுமதி சேர் வரி) எண்டு 2025இல இலங்கையில சட்டத்தைத் திருத்திச்சினம். ஒக்டோபர் 1இல தொடங்க இருந்ததைப் பிறகு 2026 ஏப்ரலுக்குத் தள்ளிச்சினம். 10,000 ரூபாவுக்கு விளம்பரம் போட்டால் இன்னும் 1,800 ரூபா. கூகிளுக்கும் பேஸ்புக்கை வைச்சிருக்கிற மெற்றாவுக்கும் வரி எண்டு கதைக்கினம், ஆனால் காசு போறது என்ரை கார்ட்டில இருந்து. இதை ஆராவது நியாயம் எண்டு சொல்லுவியளோ?

கோண்டாவில் கணக்காளர்:
நான் சொல்லுவன், தங்கச்சி. யாழ்ப்பாணத்தில ஒரு பத்திரிகையில விளம்பரம் குடுங்கோ, பில்லில 18% இருக்கும். வற் பதிவுள்ள உள்ளூர்க் கொம்பனி இங்கை மென்பொருள் வித்தாலும் 18%. அதே சேவையை வெளியில இருந்து விக்கிறவருக்கு மட்டும் ஒண்டுமில்லை எண்டால், எங்கடை ஆக்களைத்தான் நாங்கள் தண்டிக்கிறம். வற் எப்பவும் வாங்கிறவர் சுமக்கிற வரி. ஆர் வித்தாலும் ஒரே அளவு எண்டதுதான் அதின்ரை நியாயம். அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் 2017இலயே வெளிநாட்டு டிஜிற்றல் சேவையை இப்பிடிப் பிடிச்சிட்டுதுகள். நாங்கள் பிந்தித்தான் வந்திருக்கிறம்.

இணுவில் கோடர்:
அண்ணை, உங்கடை கணக்கு சரி. எங்களையும் பாருங்கோ. நான் வீட்டில இருந்து வெளிநாட்டு ஆக்களுக்கு வேலை செய்யிறன். அந்த வருமானத்துக்கு 2025 ஏப்ரலில இருந்து 15% வரைக்கும் வரி. இனி வேலைக்கு வாங்கிற கிளவுட், டிசைன் மென்பொருள் எல்லாத்துக்கும் 18%. உழைக்கிறவனிட்டை ரெண்டு பக்கத்தாலும் எடுக்காமல், பிரான்ஸ் மாதிரி அந்தப் பெரிய கொம்பனியளின்ரை வருவாயில 3% போட்டால் என்ன? அதுதானே நேரான வழி?

சட்டபீடத்துப் பிள்ளை:
சுங்க வரி, வற், இலாப வரி எண்ட மூண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்புறம். மென்பொருள், படம், பாட்டு மாதிரி இணையத்தாலயே வந்து சேருற மின்பரிமாற்றத்துக்குச் சுங்க வரி போடுறதில்லை எண்டு உலக வர்த்தக அமைப்பு 1998இல ஜெனிவாவில முடிவெடுத்தது. அதை மாநாட்டுக்கு மாநாடு நீட்டிக்கொண்டு வந்து, 2024 அபுதாபியில 2026 மார்ச் 31 வரைக்கும் நீட்டிச்சினம். இந்தியாவும் தென்னாபிரிக்காவும் இந்தோனேசியாவும் தங்கடை வருமானம் போகுதெண்டு எதிர்த்துப் பேசின நாடுகள். ஆனால் அந்தத் தடை எல்லையில எடுக்கிற வரிக்கு மட்டும்தான். உள்நாட்டு வற்றை அது தொடாது. அதால இந்த 18% சட்டப்படி பலமானது.

இலாப வரிதான் சிக்கல். பழைய வரி ஒப்பந்தங்களின்படி ஒரு நாட்டில நிலையான தொழிலிடம் இருந்தால்தான் அந்த நாடு இலாபத்தில கை வைக்கலாம். யாழ்ப்பாணத்தில லட்சம் பேர் பேஸ்புக் பாவிச்சாலும் இங்கை கந்தோர் இல்லையெண்டால் ஒண்டும் ஏலாது. இதை மாத்தத்தான் 2021 ஒக்டோபரில ஓஈசிடி எண்ட வளர்ந்த நாடுகளின்ரை பொருளாதார அமைப்பின்ரை திட்டத்துக்கு 136 நாடு சம்மதிச்சுது. சம்மதிக்காமல் நிண்டது நாலே நாலு: கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை. நான் அதைப் பிழையெண்டு சொல்லமாட்டன். 20 பில்லியன் யூரோவுக்கு மேல விற்பனை உள்ள கொம்பனியின்ரை மேலதிக இலாபத்தில கால்வாசியைத்தான் பங்கிட இருந்தவை. அதுக்குப் பதிலாகத் தனி டிஜிற்றல் வரி போடுற உரிமையை விடச் சொன்னவை. அந்தப் பங்கீட்டு ஒப்பந்தமும் இன்னும் நடைமுறைக்கு வரேல்லை.

கோண்டாவில் கணக்காளர்:
கோடர் தம்பி கேட்ட 3% பற்றி. இந்தியா 2016இல விளம்பரத்துக்கு 6%, 2020இல இணைய வணிகத்துக்கு 2% போட்டது. அமெரிக்கா வர்த்தகப் பதிலடிக்கு வெளிக்கிட்டுது. 2%ஐ 2024 ஓகஸ்டிலயும் 6%ஐ 2025 ஏப்ரலிலயும் இந்தியாவே எடுத்துப்போட்டுது. கனடாவும் 2025 ஜூன் முடிவில தன்ரை டிஜிற்றல் வரியைக் கைவிட்டுது. இந்தியாவாலயே தாக்குப்பிடிக்க ஏலாத இடத்தில நாங்கள் எந்த மூலை? 2025 ஏப்ரலில அமெரிக்கா எங்கடை ஏற்றுமதிக்கு 44% வரி எண்டு அறிவிச்சு, பேசிப் பேசி 20%க்கு வந்தது. திரும்பக் கூடினால் முதலில வேலை போறது கிளிநொச்சியில தைக்கிற பிள்ளையளுக்கு. அந்தச் சூதாட்டத்துக்கு நான் கை தூக்கமாட்டன்.

பனையடி:
அப்ப பெரியவனுக்குப் பயந்து சின்னவளிட்டை எடுக்கிறம் எண்டுதானே அண்ணை அர்த்தம்? நான் செய்யிறது ஏற்றுமதி. ஏற்றுமதிக்கு வற் பூச்சியம். பதிவுள்ள பெரிய கொம்பனி, கட்டின வற்றைத் திருப்பிக் கேக்கலாம். நான் பதிவு வரம்பை எட்டாத ஆள், எனக்கு அந்த 1,800 போனால் போனதுதான். விருப்பப் பதிவு எடுத்தாலும் ஒவ்வொரு காலாண்டும் படிவம், கணக்காளர் கூலி. பதிவுள்ள ஏற்றுமதியாளர் வற்றைக் காசாக் கட்டாமல் வாங்க விட்ட எஸ்வற் முறையையும் 2025 ஒக்டோபரோட நிப்பாட்டிப்போட்டினம். முதல் காசைக் கட்டிப்போட்டு, திரும்பி வரும்வரைக்கும் நான் பனங்கட்டிக்கு எங்கை போய்க் கடன் எடுக்கிறது?

இணுவில் கோடர்:
அக்கா, ரொறன்ரோவில சொந்தக்காரர் ஆரும் இருந்தால் அவையின்ரை கார்ட்டில, அவையின்ரை விலாசத்தில விளம்பரத்தைப் போடுங்கோ. கன பேர் இப்ப உதைத்தான் யோசிக்கினம்.

கோண்டாவில் கணக்காளர்:
வேண்டாம். சேவையைப் பெறுறவர் எங்கை இருக்கிறாரோ அங்கை வரி எண்டதுதான் கன நாடுகளில விதி. கனடா 2021 ஜூலையில இருந்து வெளிநாட்டு டிஜிற்றல் விற்பனைக்கு வரி எடுக்குது. ஒன்ராறியோ விலாசம் எண்டால் 13%. மிச்சம் பிடிக்கிறது 5%, அதுக்காக உங்கடை கணக்கில செலவே இல்லாமல் போகும். நாளைக்கு வருமான வரிக்கு அந்த விளம்பரத்தைக் கழிக்க ஒரு பில்லும் இராது.

சட்டபீடத்துப் பிள்ளை:
பனையடி அக்கா சொல்லுறதுதான் இந்தச் சட்டத்தின்ரை உண்மையான ஓட்டை. வற்றை நீக்கச் சொல்லி நான் கேக்கேல்லை. பதிவில்லாத சிறு ஏற்றுமதியாளர், வங்கியால வந்த வெளிநாட்டுப் பணத்துக்கான சான்றைக் காட்டி அந்த 18%ஐத் திருப்பி எடுக்க ஒரு எளிய வழி வேணும். அதுக்கு அமெரிக்காவின்ரை சம்மதம் தேவையில்லை, கொழும்பில ஒரு திருத்தம் போதும். பெரிய கொம்பனியளுக்கு நேராக வரி போடத் தனிய நிக்க ஏலாது, கணக்காளர் ஐயா சொன்னது சரி. அதால கூட்டமாப் போற இடத்தில நிக்கவேணும். ஐநாவில வரி ஒத்துழைப்புச் சாசனத்துக்கு 2024 டிசம்பரில வரையறை நிறைவேறி, இப்ப பேச்சு நடக்குது. எல்லை கடந்த சேவைக்கு வரி போடுறதுக்கெண்டே அதில தனி நெறிமுறை ஒண்டு எழுதுகினம். அமெரிக்கா 2025 பெப்ரவரியில எழும்பிப் போட்டுது. அதுக்காக மேசை கலையேல்லை.

பனையடி:
ஐநா முடிவெடுக்கும்வரைக்கும் நான் பொறுக்கலாம். அந்தத் திருத்தத்துக்கு மனு எழுதினால், என்னைப்போல இணையத்தில விக்கிற ஆக்களிட்டைக் கையெழுத்து வாங்கித் தாறன். பிள்ளை, வரைவை நீங்கள் எழுதுவியளோ?

கோண்டாவில் கணக்காளர்:
வரைவு வந்தால் கணக்குப் பகுதியை நான் பாக்கிறன். ஆனால் வற்றையே நீக்கச் சொல்லி ஒரு வரி இருந்தாலும் என்ரை பேரைப் போடாதேங்கோ.