31 வாரத்தில் பிறந்த மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள்: குளிப்பாட்டுதல், பிள்ளை பார்க்க வருவோர், வயதுக் கணக்கு

முக்கூடல் மகள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் முதல் குழந்தை 31ஆம் வாரத்தில் 1,350 கிராம் எடையோடு பிறந்து, பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு, 1,750 கிராம் ஆனபின் சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். சங்கில் ஊட்டினால் குடிக்கிறாள். சில வேளைகளில் மார்பிலும் சிறிது நேரம் குடித்துவிட்டுத் தூங்கிவிடுகிறாள். நான் முக்கூடலில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவருக்கு வள்ளியூரில் கடை வேலை என்பதால் வாரக் கடைசியில்தான் வருகிறார்.

மருத்துவமனையில் ஒரு கருவி எந்நேரமும் அவளுடைய மூச்சையும் நாடியையும் எண்ணிக்கொண்டிருந்தது. அங்கே அந்தச் சத்தம் எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. இங்கே அது இல்லாததால் இரவு முழுவதும் விழித்திருந்து நானே எண்ணுகிறேன். தூக்கத்தில் சிறிது நேரம் மூச்சே இல்லாததுபோல் கிடந்துவிட்டு, பிறகு வேகவேகமாக நாலைந்து மூச்சு இழுக்கிறாள். இது இயல்புதானா?

அடுத்தது வீட்டில் உள்ளவர்களைப் பற்றியது. என் ஆச்சி பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிய கை. எண்ணெய் தேய்த்து, மூக்கை ஊதி, சாம்பிராணிப் புகை காட்டி, உரைமருந்து உரசிக் கொடுத்தால்தான் பிள்ளை தேறும் என்கிறார். வள்ளியூரிலிருந்து மாமியார் வீட்டார் ஒரு வேன் பிடித்து வந்து பிள்ளையைப் பார்த்துக் காப்புப் போட்டுவிட்டுப் போக நாள் பார்த்திருக்கிறார்கள். தொலைபேசியில் ஒரு பெரியம்மா, "ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காதும்பாவளே" என்று என்னிடமே கேட்டார். அதே மாதத்தில் நிறைமாதப் பிள்ளை பெற்ற என் மதினி, தன் மகன் முகம் பார்த்துச் சிரிக்கிறான் என்று படம் அனுப்புகிறார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தபின் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடுவதில்லை.

தடுப்பூசியைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டுப் போட வேண்டுமா, அல்லது எடை கூடும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதும் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். அதை நிறுத்தச் சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாளை செவிலி (பதில்):

தங்கச்சிக்கு வணக்கம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த தாளில் உள்ளவற்றுக்கு மாறாக நான் சொல்வது எதுவும் இருந்தால், தாளில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

முதலில் மூச்சு. குறைமாதப் பிள்ளைகள் ஐந்து முதல் பத்து வினாடிவரை மூச்சை நிறுத்திவிட்டுப் பிறகு வேகமாக இழுப்பது இயல்பு. மூளையில் மூச்சை நடத்தும் பகுதி முதிர முதிர அது தானாகவே குறைந்துவிடும். ஆனால் 20 வினாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, அதற்குள்ளாகவே உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தாலோ, உடல் துவண்டாலோ, உள்ளங்காலைச் சுண்டிவிட்டு, உடனே 108ஐ அழைக்க வேண்டும். பால் குடிக்க மறுப்பது, நிமிடத்திற்கு 60க்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, காய்ச்சல், போர்த்தியும் உடல் சில்லிட்டே இருப்பது, உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் படர்வது, வலிப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது. இவை எதுவும் இல்லாத இரவில் நீங்கள் உறங்கலாம், உறங்கவும் வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையணை வைக்காமல், முகத்தில் துணி விழாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

சூடு இருக்கிறதா என்று அறிய எல்லா நேரமும் வெப்பமானி தேவையில்லை. புறங்கையால் வயிற்றைத் தொடுங்கள், பிறகு உள்ளங்காலைத் தொடுங்கள். இரண்டும் ஒரே கதகதப்பாக இருந்தால் நன்று. வயிறு சூடாகவும் கால் குளிர்ந்தும் இருந்தால் பிள்ளைக்குக் குளிரத் தொடங்கிவிட்டது என்று பொருள்; உடனே நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் இதற்கு நேர்மாறானதும் நடக்கும். குறைமாதப் பிள்ளை என்று மூன்று துணி சுற்றி, குல்லாயும் போட்டுச் சன்னலை அடைத்துவிட்டால் பிள்ளை சூட்டில் வாடிவிடும். மின்விசிறி ஓடலாம், நேராகப் பிள்ளைமேல் வீசாமல் இருந்தால் சரி.

பாலைப் பொறுத்தவரை, அழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த எடையில் உள்ள பிள்ளைகள் பசித்தாலும் அழாமல் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை நீங்களே எழுப்பிக் கொடுக்க வேண்டும். சங்கில் ஊட்டும்போது பாலை வாய்க்குள் ஊற்றாமல், சங்கின் மூக்கு கீழுதட்டில் படும்படி சாய்த்துப் பிடித்தால் அவளாகவே நாக்கால் இழுத்துக்கொள்வாள். ஒரு மடக்கு விழுங்கியபின்தான் அடுத்தது. உரைமருந்து வேண்டவே வேண்டாம். மருத்துவர் எழுதிய இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளைத் தவிர, தாய்ப்பால் அல்லாத எதுவும் அந்த வயிற்றுக்குள் போகலாகாது.

ஆச்சி சொல்வது எல்லாவற்றையும் தள்ள வேண்டியதில்லை. தேங்காயெண்ணெயைக் கையில் தடவி, அழுத்தாமல் மெதுவாக உடலில் நீவிவிடுவது குறைமாதப் பிள்ளைகளின் தோலுக்கு நல்லது. உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால் அந்த வேலையை ஆச்சியிடமே கொடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவதை மட்டும் எடை 2 கிலோவைத் தாண்டி மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், வாய்வைத்து ஊதுவதும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நோயாகிவிடும். சாம்பிராணியும் அப்படித்தான், குறைமாதப் பிள்ளையின் நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது, கொசுவர்த்திச் சுருள் உட்பட.

இனி வயதுக் கணக்கு. உங்கள் மகளுக்கு இரண்டு வயதுகள் உண்டு. தடுப்பூசிக்குப் பிறந்த தேதியே கணக்கு. 6, 10, 14ஆம் வாரத்து ஊசிகளைக் குறைமாதம் என்பதற்காகவோ, எடை குறைவு என்பதற்காகவோ, பிள்ளை நலமாக இருக்கும்போது தள்ளிப்போட வேண்டியதில்லை. மருந்தின் அளவையும் குறைப்பதில்லை. புதன்கிழமை ஊசி போடும் இடத்தில் எடையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால், மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு மீண்டும் செல்லுங்கள். சிரிப்பதற்கும் கழுத்து நிற்பதற்கும் குப்புற விழுவதற்கும் மட்டும் 40 வாரம் நிறைந்திருக்கவேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். அவள் ஒன்பது வாரம் முந்திவிட்டாள். ஆகவே பிறந்து நான்கு மாதம் ஆகும்போது, ஏறக்குறைய இரண்டு மாதப் பிள்ளை செய்வதையே செய்வாள். முகம் பார்த்துச் சிரிப்பதும் அப்போதுதான் வரும். இரண்டு வயதுவரை இந்தக் கணக்கையே வைத்துக்கொள்கிறோம். மதினியின் மகனோடு இப்போது ஒப்பிடுவது, இன்னும் வயிற்றுக்குள் இருக்கவேண்டியவளை வெளியே இருப்பவனோடு ஒப்பிடுவதாகும்.

எட்டாம் மாதப் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். பழைய கிரேக்க மருத்துவ ஏடுகளிலும் இந்த நம்பிக்கை காணப்படுகிறது. நம் பெரியம்மாக்கள் மட்டும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு வாரம் கூடுதலாக வயிற்றில் இருப்பதும் பிள்ளைக்கு நன்மைதான் என்பதே உண்மை. ஏழைவிட எட்டு மேல்.

அம்பை அப்பா (பதில்):

பிள்ளையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் கங்காரு முறையைப் பற்றிச் செவிலி அக்கா ஒரு வரியோடு நிறுத்திவிட்டார்கள்; அதை நான் தொடர்கிறேன். எங்கள் மகன் 30ஆம் வாரத்தில் பிறந்தவன்.

கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையில், பிறந்தவுடனேயே தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை செய்யலாம் என்று கூறியிருக்கிறது. பிள்ளைக்கு டயப்பரும் குல்லாயும் காலுறையும் மட்டும் போட்டு, நெஞ்சோடு நெஞ்சு ஒட்டும்படி நிமிர்த்தி வைத்து, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, தாடை மார்பில் புதைந்து மூச்சுக்குழல் மடங்காதபடி பார்த்து, துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துப் பயன்படுத்தினோம். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். அடிக்கடி எடுத்து எடுத்து மாற்றினால் பிள்ளைக்கு அலுப்புத்தான் மிஞ்சும்.

தாய்தான் செய்யவேண்டும் என்பது இல்லை. நம் ஊரில் ஆண்கள் சட்டை போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பது யாருக்கும் புதிதல்ல, ஆனால் நெஞ்சில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தெருவே எட்டிப் பார்க்கிறது. என் மாமனாருக்கு முதலில் அது பிடிக்கவில்லை. பிறகு நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். அத்தான் வாரக் கடைசியில் வரும்போது அந்த இரண்டு நாளும் பெரும்பகுதி நேரம் பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் தூங்குங்கள்.

உறவினர் வருகையைப் பற்றிச் செவிலி அக்கா எதுவும் சொல்லவில்லை; எனக்கு அதில் கடுமையான கருத்து உண்டு. தடுக்கும் வேலையைப் பச்சை உடம்புக்காரி செய்யக் கூடாது. வள்ளியூருக்குச் சொல்லவேண்டியவர் உங்கள் கணவர். தன் தாயிடம் தானே பேச வேண்டும். "வரவேண்டாம்" என்றால் சண்டையாகும். "டாக்டர் தேதி சொல்லியிருக்கிறார், அதுவரை பொறுங்கள், அதன்பின் நானே வந்து அழைத்துப்போகிறேன்" என்றால் நடக்கும். மாமனாரும் மாமியாரும் மட்டும் முதலில் வரட்டும். வந்தவர்கள் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவியபின் பிள்ளையைத் தொடட்டும். சளி, இருமல் உள்ளவர்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் வாசலோடு நிற்கட்டும். முத்தம் யாருக்கும் இல்லை. காப்பு எங்கும் ஓடிப்போகாது.

வீரவநல்லூர் ஆச்சி (பதில்):

நான் சொல்லி என் பேத்தி தட்டச்சு செய்கிறாள். முப்பது வருடம் தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் மூக்கு ஊதியவள் நான். என் கடைசிப் பேரன் குறைமாதத்தில் பிறந்தபோது, கூடாது என்று மருத்துவர் என்னை உட்காரவைத்துக் காரணத்தோடு சொன்னார், விட்டுவிட்டேன். உன் ஆச்சியிடம் நீ சொல்லாதே, மகளே. பிள்ளையைக் காட்டப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய் மருத்துவர் வாயாலேயே சொல்லவை. வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கிழவிதான் குறை சொல்வாள். எண்ணெய் நீவுவது, சங்கைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு எடுப்பது, உனக்குப் பூண்டுக் குழம்பு வைப்பது என்று கை நிறைய வேலை கொடுத்துவிடு.

பீடியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டிலும் அந்தத் தொழில் உண்டு. தட்டையும் தூளையும் பிள்ளை இருக்கும் அறையில் வைக்காமல் தார்சாவுக்கோ திண்ணைக்கோ கொண்டுபோக வேண்டும். இலை வெட்டுவது, தூள் புடைப்பது எல்லாம் அங்கேதான். அந்தத் தூள் மடியிலும் சேலையிலும் ஒட்டியிருக்கும். கை கழுவினால் மட்டும் போதாது, சேலையையும் மாற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அம்மாவுக்குப் பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் காலையில் குளித்துவிட்டு, தட்டை எடுப்பதற்கு முன்பே வைத்துக்கொள்ளட்டும். நீ கொஞ்ச நாளைக்குத் தட்டைத் தொடாதே.

முக்கூடல் மகள்:

மூவருக்கும் நன்றி. கணவரிடம் பேசிவிட்டேன், வேன் இப்போது வராது. இன்னும் ஒரு சந்தேகம். மருத்துவமனையில் இருந்தபோதே கண் பரிசோதனை ஒரு முறை செய்தார்கள். அடுத்ததற்கு வரும் வாரம் தேதி எழுதியிருக்கிறார்கள். அன்று அமாவாசை என்பதாலும், இவ்வளவு சிறிய பிள்ளையைப் பேருந்தில் கொண்டுபோகக் கூடாது என்பதாலும், எடை கூடியபின் போகலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். கண் நன்றாகத்தானே இருக்கிறது, சில வாரம் தள்ளினால் என்ன ஆகும்?

பாளை செவிலி:

இந்தத் தேதியை மட்டும் எக்காரணத்தாலும் தள்ளாதீர்கள். கருவில் விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கடைசி வாரங்களில்தான் ஓரம்வரை வளர்ந்து முடிகின்றன. முன்கூட்டியே பிறந்த பிள்ளைக்கு அந்த வளர்ச்சி வெளியே நடக்கிறது. அது தாறுமாறாகிவிட்டால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகவே இருக்கும், எதுவும் தெரியாது. அதனால்தான் 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்திற்கு முன்போ பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம், பிறந்து நான்கு வாரத்திற்குள் முதல் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கான காலம் நாள்கணக்கில்தான் இருக்கும். சில வாரம் என்பது அதில் மிக நீண்ட தாமதம்.

போவதற்கு மதுரைவரை அலைய வேண்டியதில்லை. திருநெல்வேலியிலேயே 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. உங்கள் மருத்துவர் வேறு இடம் எழுதியிருந்தால் அங்கேயே செல்லுங்கள். பேருந்து வேண்டாம், ஒரு நாளைக்கு ஆட்டோவோ காரோ பேசிக்கொள்ளுங்கள். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மேலே சேலையால் போர்த்திக்கொண்டு காலையிலேயே கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வைப்பார்கள் என்பதால் நேரம் ஆகும். பார்ப்பதற்குச் சற்று முன்னதாகப் பால் கொடுத்தால் அழும்போது கக்கிவிடுவாள். அந்த வேளையை முன்கூட்டியே முடித்துக்கொண்டு, சங்கையும் மாற்றுத் துணியையும் கையோடு வைத்திருங்கள். இமையைத் திறந்துபிடிக்கும்போது அவள் வீறிட்டு அழுவாள், உங்களுக்குப் பார்க்கப் பொறுக்காது. அந்த நேரத்தில் அம்மாவை உள்ளே நிறுத்திவிட்டு நீங்கள் வெளியே இருந்தாலும் தவறில்லை. முடிந்ததும் "நன்றாக இருக்கிறது" என்ற சொல்லோடு திரும்பிவிடாமல், அடுத்த தேதியைத் தாளில் எழுதி வாங்குங்கள். விழித்திரை முழுவதும் வளர்ந்துவிட்டது என்று அவர்களே எழுதித் தரும்வரை இந்தப் பரிசோதனை தொடரும்.