குர்குமின் பீக் பிளவுபடுகிறது: எந்தக் கரைப்பானில் ஏற்றுவது?

கேள்வி: எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) குர்குமினை அளக்கிறேன். சி18 காலம் (column, பொருட்களைப் பிரிக்கும் குழாய்; 4.6 × 150 மிமீ), மொபைல் ஃபேஸ் (அதன் வழியே ஓடும் திரவம்) அசிட்டோநைட்ரைலும் 0.1% ஃபார்மிக் அமில நீரும் 50:50, கண்டறிதல் 425 நானோமீட்டரில். குர்குமின் (மஞ்சளின் நிறமி) தண்ணீரில் கரையாததால் டிஎம்எஸ்ஓ (டைமெதில் சல்பாக்சைடு) என்ற கரைப்பானில் கரைத்து 20 மைக்ரோலிட்டர் ஏற்றுகிறேன். பீக் (வரைபடத்தில் அந்தப் பொருளுக்கான முகடு) இரண்டாகப் பிளக்கிறது. சி18 கெட்டுவிட்டதா?

பதில் 1: கெட்டிருக்காது, முதலில் கரைப்பானைப் பாருங்கள். டிஎம்எஸ்ஓ உங்கள் மொபைல் ஃபேஸைவிட வலுவானது, பிசுபிசுப்பும் அதிகம். இரண்டும் கலப்பதற்குள் குர்குமினில் ஒரு பகுதி பிடிமானம் இல்லாமல் முன்னே ஓடிவிடும். டிஎம்எஸ்ஓவில் 10 மிகி/மிலி ஸ்டாக் (அடர் கரைசல்) வைத்துக்கொண்டு, அதை மொபைல் ஃபேஸிலேயே 100 மடங்கு நீர்த்து, 5 மைக்ரோலிட்டர் மட்டும் ஏற்றுங்கள்.

பதில் 2: வெறும் தண்ணீரில் நீர்க்காதீர்கள், வீழ்படிவாகிவிடும். நீர்த்த கரைசலை அரை மணி நேரம் வைத்து, கலங்குகிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுங்கள். வடிகட்ட பிடிஎஃப்இ (டெஃப்லான்) வடிகட்டியைப் பயன்படுத்துங்கள்; செல்லுலோஸ் அசிடேட் வடிகட்டி வேண்டாம், அதை டிஎம்எஸ்ஓ கரைத்துவிடும். வெளிச்சத்தில் குர்குமின் சிதையும் என்பதால் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பிதான் (vial) நல்லது.

பதில் 3: சந்தேகம் தீரவில்லையென்றால் உங்கள் பழைய டிஎம்எஸ்ஓ கரைசலையே 2 மைக்ரோலிட்டர் மட்டும் ஏற்றிப் பாருங்கள். பீக் சரியானால் குற்றவாளி கரைப்பான்தான்.