லேமினேட் ஸ்டாக்: இங்கேயே செய்தது, வெளியிலிருந்து வரவழைத்தது – உங்களுக்கு நடந்தது என்ன?

ரம்பக்காரன்

மூன்று வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இடக்கைக்காரர் ஒருவர், போல்ட் ஆக்‌ஷன் .22 ரைஃபிள். மெல்லிய மரத்தாள்களை அடுக்கி ஒட்டிய லேமினேட்டில் ஸ்டாக் (ரைஃபிளின் மரக்கட்டை) வேண்டும், கன்ன மேடு அவர் முகத்துக்கு ஏற்றபடி உயரமாக வேண்டும் என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். பிளாங்க் (ஸ்டாக் செதுக்குவதற்கான முழுக்கட்டை) வாங்கி, வெளிவடிவம் அறுத்து, ஆக்‌ஷன் என்ற இரும்பு இயந்திரப் பகுதி உட்காருவதற்கான உள்குடைசலில் பாதி தாண்டியிருந்தேன்.

அன்று கட்டை, இறுக்கிப் பிடிக்கும் வைஸில் இருந்தது. ஆக்‌ஷனின் அடியில் கறுப்பு மை பூசி இறக்குவேன், எடுப்பேன், மை ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டுவேன், மறுபடி இறக்குவேன். அறுபதாவது தடவையோ எழுபதாவதோ, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பின் திருகுப் பக்கம் நகக்கண் அளவுக்குக் கறுப்பு பாக்கி. அப்போது உள்ளே வந்தார். கட்டையைப் பார்க்கவே இல்லை, போனை நீட்டினார். "அண்ணே, வெளியில இதே மாதிரி இந்த விலைக்குத் தர்றான். நீங்க அதைவிடக் கூடச் சொல்றீங்களே?"

குறைத்தேன். அங்கேயே, விரலில் மையோடு நின்றபடி, மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துச் சொன்னேன். முடித்தபோது 46 மணி நேரம் ஆகியிருந்தது. பிளாங்க் விலையையும், லேமினேட்டின் பிசினில் மழுங்கிப்போன இரண்டு கார்பைட் கட்டர்களையும் கழித்தால், மணிக்கு எனக்கு நின்றது என் உதவியாளுக்கு நான் கொடுப்பதைவிடக் குறைவு. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் போனில் இருந்தது வலக்கை ஸ்டாக், அதுவும் பாதி முடித்தது. இதை ஏன் அப்போது என் வாய் சொல்லவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

பத்துமீட்டர்

அண்ணா, நான் அந்தப் போன் பக்கத்து ஆள். வரவழைத்தேன். கணக்கை அப்படியே போடுகிறேன்.

ஸ்டாக் விலையை 100 என்று வையுங்கள். உண்மையான எடை பொதியோடு 2.1 கிலோ. பெட்டி 85 × 25 × 15 சென்டிமீட்டர். கூரியர்காரர்கள் இந்த மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுக்கிறார்கள், 6.4 கிலோ வருகிறது. 2 கிலோ சாமானுக்கு ஆறரைக் கிலோ கூலி. அதில் 45 போயிற்று. அப்புறம் வரி. அது 100-க்குப் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன், விலையும் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குப் போட்டார்கள். வரி 30 சதவீதம் என்று வைத்தாலே 145-க்கு 43.5. ஆக 188.5.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பெட்டியைப் பிரித்தபோது அந்தச் சாம்பல்-கறுப்பு வரிகள் அவ்வளவு அழகு, வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. ஆக்‌ஷனை இறக்கினேன். முன்பக்கம் உட்கார்ந்தது. கீழேயிருந்து பின் திருகு ஓட்டை வழியாகப் பார்த்தேன். முழு வட்டம் தெரிய வேண்டிய இடத்தில் பிறை தெரிந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி.

திருப்பி அனுப்பினால் மறுபடி அந்த ஆறரைக் கிலோ. இங்கேயே ஒருவரிடம் கொடுத்து, ஓட்டையைச் சரிசெய்து, ஆக்‌ஷனுக்கும் கட்டைக்கும் நடுவில் பிசின் நிரப்பிப் பெட்டிங் போட்டு வாங்கினேன். அதற்கு இன்னொரு 40. கடைசியில் இங்கே செய்பவர் முதலில் கேட்ட விலையையும் தாண்டிவிட்டேன்.

தோள்பட்டை

பத்துமீட்டர் சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. அவர் வாங்கியது உள்குடைசல் முடிக்காத ரகமாக இருக்கலாம். விளம்பரத்தில் 90 அல்லது 95 சதவீதம் குடைந்தது என்று போட்டிருந்தால், மீதி உங்கள் கையில்தான். அந்த வரியைப் படிக்காமல் கணக்குப் போட்டால் எல்லாக் கணக்கும் இப்படித்தான் முடியும்.

என்னுடையது பிரபலமான ஆக்‌ஷன், வலக்கை, தொழிற்சாலை பேரல் (குழல்). வந்த அன்றே இருபது நிமிடத்தில் பூட்டினேன். தாளை மடித்துப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு நுனியிலிருந்து இழுத்தேன், ஆக்‌ஷன் வரைக்கும் எங்கும் தட்டாமல் ஓடியது. ஆறு மாதம் கழித்து இழுத்தபோதும் அப்படியே. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் அறுக்கும் இயந்திரத்தோடு கைவேலைக்காரர் விலையில் மோத முடியாது, மோதவும் தேவையில்லை. ஆனால் எல்லா இறக்குமதியும் நஷ்டம் என்று புதியவர்கள் நினைத்துவிடக் கூடாது.

சரக்குத்தாள்

எனக்கு நடந்தது சின்னதுதான். வால்நட் பிளாங்க் இரண்டும் லேமினேட் பிளாங்க் ஒன்றும் ஒரே பெட்டியில் வரவழைத்தேன். உள்ளே இருந்த மரத்தில் யாருக்கும் குறை இல்லை. வெளிப்பெட்டி பச்சைப் பைன் பலகை, அதில் கோதுமைக் கதிர் முத்திரை இல்லை. அதனால் 19 நாள் சுங்கக் கிடங்கில் கிடந்தது. கிடங்கு வாடகை பிளாங்க் விலையை எட்டிப் பிடித்தது. அந்தப் பைன் பலகையில் அடித்திருந்த ஆணிகள் இன்றும் கண்ணில் நிற்கின்றன.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்கும் இது நடக்க வேண்டாம். அந்த முத்திரை ஐஎஸ்பிஎம் 15 என்ற விதிப்படி. பொதி மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் விதி ஏற்கும் வேறு முறையில் பூச்சி நீக்கியிருக்க வேண்டும். பிளைவுட் பெட்டிக்கு இந்த விதி கிடையாது, ஒட்டும்போதே சூடும் அழுத்தமும் பட்டுவிடுகிறது. ஆகவே அனுப்புகிறவரிடம் அட்டைப்பெட்டி அல்லது பிளைவுட் பெட்டி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, "மரச்சாமான் என்று எழுதிவிடு, வரி குறையும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மரப் பொருட்கள் சுங்க அட்டவணையில் 44-ஆம் அத்தியாயம். அந்த அத்தியாயத்தின் குறிப்பிலேயே துப்பாக்கிப் பாகங்கள் இதில் சேராது, 9305 என்ற தலைப்பில் சேரும் என்று இருக்கிறது. ஏர் ரைஃபிள் ஸ்டாக்கும் அங்கேதான். தவறாக எழுதிப் பிடிபட்டால் அபராதம் தனி, சாமான் போவது தனி. உங்கள் நாட்டில் பாகத்துக்கு அனுமதி வேண்டுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டாக்கின் முன்முனையில் ரோஸ்வுட் ஒட்டச் சொல்லும் பழக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. ரோஸ்வுட் சேரும் டால்பெர்ஜியா இன மரங்கள் எல்லாமே 2017 ஜனவரி 2 முதல், அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்துவிட்டன. அதில் பிரேசிலியன் ரோஸ்வுட் மட்டும் 1992-லிருந்தே முதல் பட்டியலில். செய்து முடித்த பொருளுக்கு, அந்த மரத்தின் எடை 10 கிலோ வரை, 2019-இல் விலக்குக் கொடுத்தார்கள். பிளாங்க் செய்து முடித்த பொருள் ஆகாது. முதல் பட்டியல் மரத்துக்கும் இந்த விலக்கு கிடையாது. அதனால் முனைக்கு எபோனைட் (கெட்டி ரப்பர்) போதும், அல்லது லேமினேட்டையே நுனிவரை விட்டுவிடுங்கள், அதுவே பார்க்க நன்றாக இருக்கும்.

இன்னும் ஒன்று. அமெரிக்காவிலிருந்து வாங்குகிறவர்கள் பழைய பதிவுகளைப் படித்துவிட்டு பாகங்களை 100 டாலர் வரை அனுமதி இல்லாமல் அனுப்பலாம் என்ற வரம்பு பற்றிக் கேட்கிறார்கள். அந்த வரம்பு, இவை ஆயுத ஏற்றுமதி விதிக்குள் இருந்த காலத்துப் பேச்சு. சாதாரண ரைஃபிள்களும் அவற்றின் பாகங்களும் 2020 மார்ச்சில் வணிகத் துறையின் கட்டுப்பாட்டுக்கு மாறிவிட்டன. விற்பவர் எந்த விதியின்கீழ் அனுப்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

வெனீர்

இரண்டையும் விட்டுவிட்டு நானே பிளாங்க் செய்யப் போனேன். பிளாங்க் விலை அநியாயம் என்று தோன்றியது. மரைன் பிளைவுட் மூன்று துண்டு, ஒட்டினால் 54 மில்லிமீட்டர், அவ்வளவுதானே என்று இறங்கினேன். பளபளவென்று ஸ்டாக் தயார். வீட்டில் எல்லோரும் தடவிப் பார்த்தார்கள்.

ரைஃபிளைச் சுவரில் சாய்த்து வைத்தேன், சறுக்கி விழுந்தது. இடுப்பு உயரம்கூட இல்லை. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். கையால் பிடிக்கிற கழுத்துப் பகுதியில் இரண்டாக நின்றது. உடைந்த முகத்தைப் பார்த்தேன், ஒரு அடுக்கு நீளமாகக் கிழிந்து நார் தொங்குகிறது, அடுத்த அடுக்கு பிஸ்கட் போல நேராக வெட்டுப்பட்டிருக்கிறது, மறுபடி நார், மறுபடி வெட்டு. அப்போதுதான் புரிந்தது. பிளைவுட்டில் பாதி அடுக்கு குறுக்கே ஓடுகிறது. ஸ்டாக் லேமினேட்டில் எல்லா அடுக்கின் ரேகையும் நீளவாக்கில்தான். அந்த மெல்லிய கழுத்தில் பாதி மரம் இருந்தும் இல்லாத மாதிரி.

அப்புறம் பிர்ச் வெனீர், ஒன்றரை மில்லிமீட்டர், 36 தாள் வாங்கி முறையாக ஒட்டினேன். தச்சுப்பசைதான் போட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ரம்பக்காரன் அண்ணா, நீங்களும் பிளாங்க் வாங்காமல் இப்படிச் செய்தால் செலவு பாதியாகும். விலை குறைத்தாலும் கட்டும். வாகன ஜாக்கி ஒன்றும் இரும்புச் சட்டமும் போதும். ஒரே சமயத்தில் 36 தாளையும் அடுக்காதீர்கள், நழுவும். ஒன்பது ஒன்பதாக ஒட்டி, சமப்படுத்தி, பிறகு நான்கையும் சேருங்கள்.

ரம்பக்காரன்

வெனீர் தம்பி, அன்போடுதான் சொல்கிறேன், அந்தப் பசை விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. சாதாரண வெள்ளைத் தச்சுப்பசை காய்ந்த பிறகும் தொடர் பாரத்தில் மெல்ல நகரும், வெயிலில் நின்ற வண்டிக்குள் வைத்தால் இன்னும். திருகின் இறுக்கம் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ரெசார்சினால் அல்லது எபாக்ஸி போடுங்கள். எபாக்ஸி என்றால் ஜாக்கியை முழு பலத்தோடு ஏற்றாதீர்கள், பசை முழுக்கப் பிதுங்கி அடுக்குக்கு நடுவில் ஒன்றும் மிஞ்சாது. ரெசார்சினாலுக்கு நேர்மாறு, நல்ல அழுத்தம் வேண்டும், வெற்றிடப் பை போதாது. அந்தப் பை எவ்வளவு உறிஞ்சினாலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குமேல் தராது.

செலவு பாதியாகும் என்றீர்கள். வெனீருக்கான செலவு குறையும். ஐந்து தடவை ஒட்டி, ஐந்து இரவு காத்திருந்து, சமப்படுத்திய நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? நான் சறுக்கிய இடமும் அதுதான்.

வளையம்109

இங்கே எல்லோரும் மரம், வரி என்று பேசுகிறீர்கள். என் ஸ்டாக்கில் மரமும் சரி, வேலையும் சரி, விலையும் சரி. ஏர் ரைஃபிளுக்குக் கட்டை விரல் துளையோடு லேமினேட் செய்யச் சொன்னேன். படத்தில் பார்த்து ஆசைப்பட்டது. செய்தவர் கேட்டார், "போட்டிக்கா, பழகவா?" என்று. இரண்டுக்கும் என்றேன், அவரும் செய்துவிட்டார்.

முதல் போட்டியில் உபகரணச் சோதனை மேசையில் அந்த அம்மா ரைஃபிளை வாங்கினார். எடை போட்டார், 5.5 கிலோவுக்குள்தான், தலையாட்டினார். பிறகு தன் கட்டை விரலைத் துளைக்குள் விட்டு, மறுபக்கம் அது வெளியே வந்ததை என்னிடம் காட்டினார். வேறு ஒன்றும் பேசவில்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அந்தத் துளை கூடாது என்பது சர்வதேச விதியிலேயே இருக்கிறது. கிளப் ரைஃபிள் ஒன்றை இரவல் வாங்கிச் சுட்டேன், முகம் சரியாகப் படியவே இல்லை.

செய்பவரைக் குறை சொல்ல மாட்டேன், விதியைப் படிக்க வேண்டியது நான். ஆனால் அந்தத் துளையின் மறுபக்கம் வந்த விரல் இன்னும் மறக்கவில்லை.

பழையமரம்

லேமினேட் என்றால் மலிவு மாற்று என்று ஒரு எண்ணம் இந்தத் திரியிலும் ஓடுகிறது, அதனால் எழுதுகிறேன். ஜெர்மன் ராணுவத்தின் 98கே ரைஃபிள்களில் 1930-களின் கடைசியிலிருந்தே பீச் லேமினேட் போட ஆரம்பித்துவிட்டார்கள். வால்நட்டைப் போல வருடக்கணக்கில் உலர வைத்துக் காத்திருக்க வேண்டாம், ஈரத்தில் முறுக்காது. அப்படி ஒன்றைச் சுத்தம் செய்யக் கொடுத்தார்கள். எண்ணெயும் அழுக்கும் போனதும் அடுக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. பேரல் குழியில் அளவுகோலை வைத்தேன், அடியில் வெளிச்சம் தெரியவில்லை. எண்பது வருடம்.

பிளாங்க் விலை கூடிப்போனதற்கு ஒரு காரணம் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஸ்டாக் லேமினேட்டின் பெரும்பகுதியைச் செய்து கொடுத்தது வெர்மான்ட்டில் ரட்லண்ட் ஊரில் இருந்த ஒரே ஆலை. 2014 ஆகஸ்டில் அது எரிந்துபோனது. அந்தச் சமயத்தில் நான் சொல்லி வைத்திருந்த பிளாங்க் வரவே இல்லை. முன்பணம் திரும்பி வந்தது, ஒரு வரிக் கடிதத்தோடு.

தோள்பட்டை

பழையமரம் ஐயா, மலிவு என்று நான் சொல்லவில்லை. எடை கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிசின் ஏறிய மரம், அதே வடிவத்தில் வால்நட்டைவிடக் கையில் நன்றாகவே தெரியும். இலக்குக்கு நல்லது, மலை ஏறுகிறவருக்கு இல்லை.

ரம்பக்காரன்

அந்த இடக்கைக்காரர் போன மாதம் மறுபடி வந்தார். தம்பிக்கும் ஒன்று வேண்டுமாம். இந்தத் தடவை விலையை ஒரே தொகையாகச் சொல்லவில்லை. தாளில் பிளாங்க், கட்டர், வெளிவடிவம், உள்குடைசல், பெட்டிங், பூச்சு என்று பிரித்து எழுதிக் கொடுத்தேன். உள்குடைசல் வரியில் விரலை வைத்து, "பதினெட்டு மணி நேரமா அண்ணே?" என்றார்.

வைஸில் வேறொருவரின் கட்டை இருந்தது. ஆக்‌ஷனின் அடியில் மை பூசி அவர் கையில் கொடுத்து, இறக்கி எடுக்கச் சொன்னேன். எடுத்தார். குனிந்து உள்ளே பார்த்தார். எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று தானே காட்டினார். சுரண்டியைக் கொடுத்தேன். மூன்றாவது தடவை இறக்கும்போது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.