முத்துப்பேட்டையில் அலையாத்தி நடவு: எப்படி நட்டால் பிழைக்கும்?

கூடுதுறை:
வணக்கமுங்க. ஈரோட்டிலிருந்து 40 பேர் முத்துப்பேட்டை போய், கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம் நடலாம்னு இருக்கோம். 2018 கஜா புயலில் அங்கே மரங்கள் ரொம்பச் சேதமாச்சுங்க. ஒரே நாளில் 1,000 கன்று நட முடியுங்களா? அலையாத்தியில் ஒரு வகையான சுரபுன்னை வைக்கலாமா?

காளிங்கராயன்கரை:
கன்றுக் கணக்கு அப்புறமுங்க. ஓதத் தண்ணி, அதாவது ஏறி இறங்கும் கடல் தண்ணி, அந்த இடத்துக்கு வந்து திரும்பிப் போகுதான்னு முதலில் பாருங்க. மரம் போன சேறு காய்ந்து, அமுங்கி, தாம்பாளம் மாதிரி குழிஞ்சிடும். உள்ளே வந்த தண்ணி வெளியேறாது. வெயிலில் வற்றி உப்பு மட்டும் நிற்கும். கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் உப்பு. குழியில் அது இரண்டு மடங்கானால் இளங்கன்று கருகிடும்.

அதுக்குத்தான் அங்கேயும் பிச்சாவரத்திலும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினாங்க. ஓடையிலிருந்து சாய்வாக ஒரு தாய் வாய்க்கால், அதன் இருபக்கமும் நம்ம கீழ்பவானிக் கொப்பு வாய்க்கால் மாதிரி கிளைகள். நம்ம கொப்பில் தண்ணி ஒரு பக்கம்தான் ஓடும், அங்கே வரவும் போகவும் அதே வழி. மேலே அகலமும் அடியில் குறுகலுமா வெட்டி, சரிவின் நடுவில் ஆறடிக்கு ஒரு கன்று வைக்கணும். அடியில் வைத்தால் மூழ்கி அழுகும், மேட்டில் வைத்தால் உப்புப் பூத்துக் காயும். இரண்டு மூன்று வருசத்தில் வண்டல் அடைச்சுக்கும். தூர் வாராவிட்டால் நட்டது வீண்.

அமராவதி:
முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பகுதி வெண்கண்டல்ங்கிற அலையாத்தி வகைதானுங்க. உறிஞ்சின உப்பை இலை வழியே கக்கிடும். இலையைத் தடவினால் விரலில் பொடியா ஒட்டும். சுரபுன்னைக்கு அவ்வளவு உப்பு ஆகாது, ஓடைக்கரை ஓரம் மட்டும் வையுங்க. ஆடு மாடு வெண்கண்டல் தழையை விரும்பி மேயும், வேலி இல்லாம நடாதீங்க.

நம்ம பக்கத்துச் சங்கதியும் இதில் இருக்குதுங்க. கடல் மட்டம் உலகச் சராசரியில் வருசத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏறுது. சேற்றுத் தரையும் அதே வேகத்தில் உயரணும்னா காவிரி வண்டல் வரணும். 1934 முதல் மேட்டூர் அணையிலும், 1955 முதல் பவானிசாகர் அணையிலும் அதில் பெரும்பங்கு தேங்கிடுது. போதாததுக்கு ஆற்று மணலையும் அள்ளினோம். நன்னீர் குறைஞ்சு காயல் கரிச்சால், அங்கே வளரும் இறால் குஞ்சும் குறையும். அதை நம்பித்தான் அங்கே வாய்க்கால் மீன்பிடி நடக்குது.

கூடுதுறை:
அப்போ நடவை விட்டுட்டு தூர் வாரப் போலாங்களா?

காளிங்கராயன்கரை:
தாராளமாப் போங்க. காப்புக்காடு, வனத்துறை அனுமதி வேணும். எந்த வாய்க்கால் அடைச்சிருக்குன்னு மீனவர்கள் காட்டுவாங்க. மண்வெட்டியும் கூடையும் போதும். தண்ணி வடியும் நேரத்தில் மட்டும் இறங்குங்க. அள்ளின சேற்றை வாய்க்கால் ஓரமா வரப்புக் கட்டிடாதீங்க, ஓதத்தை அதுவே மறிச்சிடும்.