பேர்கன் நகர இசை விழாவுக்குச் செல்கிறேன்: நார்டிக் இசையைக் கேட்க எப்படித் தயாராவது?

கேள்வி: ஐயாற்று வாசகி

அனைவருக்கும் வணக்கம். வருகிற மே மாத இறுதியில் நார்வேயின் பேர்கன் நகரில் பணிபுரியும் என் மகன் வீட்டுக்குச் செல்கிறேன். 1953 முதல் அந்நகரில் நடைபெற்றுவரும் இசை விழா அப்போது தொடங்கிவிடும் என்பதால், மூன்று நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கி வைத்திருக்கிறான். முதலாவது, ஹார்டாங்கர் ஃபிடில் என்ற, வயலின் போன்ற நாட்டார் வாத்தியத்தின் தனிக் கச்சேரி. இரண்டாவது, நாட்டார் மெட்டுகளோடு புதிய படைப்புகளையும் வாசிக்கும் ஒரு நால்வர் குழு. மூன்றாவது, இக்கால நார்டிக் (வட ஐரோப்பிய) இசையமைப்பாளர்களுக்கென்றே அமைந்த ஆர்கெஸ்ட்ரா மாலை.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகத் தியாகராஜர் ஆராதனை நாளான பகுள பஞ்சமியன்று காவிரிக்கரைப் பந்தலில் அமர்ந்து, நாட்டையில் தொடங்கி ஸ்ரீ ராகத்தில் நிறையும் ஐந்து கீர்த்தனைகளையும் கூட்டத்தோடு சேர்ந்து பாடி வருகிறேன். ராகத்தையும் தாளத்தையும் பிடித்துக்கொண்டு நடந்தே என் காது பழகிவிட்டது. மகன் அனுப்பிய பதிவுகளில் ஃபிடில் மூன்று எண்ணிக்கைபோலத் தொடங்குகிறது. தொடையில் தட்டிப் பார்த்தால் நான்காவது சுற்றுக்குள் கை விலகிவிடுகிறது. ஆர்கெஸ்ட்ரா இசையிலோ பற்றிக்கொள்ள ஒரு மெட்டுகூட அகப்படவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மேற்கத்திய இசை நிகழ்ச்சியின் நடுவே கைதட்டிவிட்டு, பக்கத்து இருக்கையில் இருந்தவரின் கடுமையான பார்வைக்கு ஆளான கூச்சமும் இன்னும் மறையவில்லை. மகன் ஆசையாகச் செய்த ஏற்பாடு இது. மரியாதைக்கு உட்கார்ந்துவிட்டு வர எனக்கு மனமில்லை. எங்கிருந்து தொடங்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: குடந்தை வயலின்

அம்மா, கை விலகுவது தங்கள் பிழையன்று. தாங்கள் கேட்டது பெரும்பாலும் டெலிமார்க் பகுதியின் ஸ்பிரிங்கார் என்ற நடன மெட்டாக இருக்கும். அதில் மூன்று தட்டுகளும் ஒரே அளவில் விழுவதில்லை. முதலாவது நீண்டும், இரண்டாவது நடுத்தரமாகவும், மூன்றாவது குறுகியும் வரும். மிச்ர சாப்பு தாளத்தில் நாமும் மூன்றும் நான்குமாகச் சமமின்றிப் பிரிக்கிறோம் என்றாலும், அடியில் ஏழு சம மாத்திரைகள் ஓடிக்கொண்டே இருப்பதால் கை தடுமாறுவதில்லை. ஸ்பிரிங்காரில் அப்படிச் சமமான சிறு அலகைத் தேடிப் பயனில்லை. ஆடுபவரின் உடல் தாழ்ந்து எழும் அசைவோடு அந்தக் காலஅளவு ஒட்டிக்கிடக்கிறது. ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, வாசிப்பவரின் காலைப் பாருங்கள். அவர் பாதத்தால் தரையில் தட்டிக்கொண்டே வாசிப்பார். எனக்கு இது பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று. பிடிபட்ட பிறகு அந்தச் சமமின்மைதான் எனக்கு மிகவும் பிரியமான பகுதியாகிவிட்டது.

வாத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வில் படுகின்ற தந்திகள் நான்கு. அவற்றின் அடியில், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டின் ஊடாக, வில் ஒருபோதும் தொடாத நான்கு அல்லது ஐந்து மெல்லிய தந்திகள் ஓடுகின்றன. மேலே ஒரு ஸ்வரம் பொருந்தி விழுந்தால் அவை தாமே அதிரும். வீணையின் பக்கத் தந்திகளை நாம் சுண்டுவிரலால் மீட்ட வேண்டியிருக்கிறது. இங்கோ விரலும் வில்லும் இல்லாமலேயே ஒத்து ஊதுவதுபோல ஒரு ரீங்காரம் எழுகிறது. குதிரை நம் வயலினைவிடத் தட்டையாக இருப்பதால் இரண்டு தந்திகளைச் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகிறார்கள். பழைய மெட்டுகளில் மத்யமம் (‘ம’ ஸ்வரம்) சுத்த மத்யமமாகவும் நில்லாமல் பிரதி மத்யமமாகவும் நில்லாமல் இடையில் ஓரிடத்தில் நிற்பதுண்டு. அதை அபஸ்வரம் என்று தள்ளிவிடாதீர்கள். சுருதி கூட்டும் முறைகளே இருபதுக்கு மேல் உண்டு. மெட்டுக்கு மெட்டு மாற்றிக் கூட்டுவார்கள் என்பதால் இடையில் காத்திருக்க நேரும், அந்த நேரத்திலும் காதைக் கொடுங்கள்.

மறுமொழி 2: கோடிக்கரைப் பறவை

நாட்டார் இசை குறித்து மேலே உள்ளவர் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்கெஸ்ட்ரா மாலைக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன்.

பின்லாந்தின் ரௌதவாரா 1972இல் ஔலு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்காகப் பறவைகளுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான ஒரு கச்சேரிப் படைப்பை எழுதினார். வடபுலத்துச் சதுப்பு நிலங்களில் ஒலிப்பதிவு செய்த உண்மையான பறவைக் குரல்களோடு கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கிறார்கள். நடுப்பகுதியில் ஒரு வானம்பாடி வகையின் குரலை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கியிருப்பதால், சிறு பறவை ஏதோ பெரிய விலங்குபோல ஒலிக்கும். இறுதியில் அன்னக் கூட்டம் திரள்கிறது. துருவத்தை ஒட்டிய நிலங்களில் முட்டையிடும் உள்ளான்கள் குளிர்காலத்தில் எங்கள் கோடிக்கரைச் சேற்றுக்கு வந்து இரை தேடுவதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிற எனக்கு, அந்தப் படைப்பில் அந்நியம் என்று எதுவும் தோன்றவில்லை. அதில் மெட்டும் உண்டு என்பதால் தாங்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

அடுத்துக் காயா சாரியாஹோ. 1952இல் பிறந்து 2023இல் மறைந்த இவரும் பின்லாந்துக்காரர். இவருடைய இசையில் மெட்டைத் தேடாதீர்கள். நாதத்தின் நிறம் மாறுவதுதான் அங்கே நிகழ்ச்சி. வில்லை மிக அழுத்தினால் கரகரப்பு, மெல்ல விட்டால் மூச்சு. அந்த இரண்டுக்கும் இடையிலான பயணத்தைக் கேளுங்கள். ஐஸ்லாந்தின் அன்னா தோர்வால்ட்ஸ்டோட்டிர், நீண்டு நிற்கும் ஸ்வரத்தைக் கையில் ஏந்திய மெல்லிய மலராக எண்ணி, கயிற்றின்மேல் நடப்பதுபோல அதைக் கொண்டுசெல்லும்படி தம் இசைக்குறிப்பிலேயே கலைஞர்களுக்கு எழுதுகிறார். தம்புரா கூட்டுவதை நாற்பது ஆண்டு கேட்ட காதுக்கு இது எட்டாததன்று.

ஒரு வேண்டுகோள்: எதையும் இன்ன ராகம் என்று அடையாளப்படுத்த முயல வேண்டாம்.

மறுமொழி 3: நீடாமங்கலம் ஆசிரியர்

இறுதி வேண்டுகோளில் மட்டும் நான் மாறுபடுகிறேன். நம் காதில் ராகம் தானாகவே எழும். அதை அடக்க முயன்றால் இசையைக் கேட்காமல் அடக்குவதிலேயே நேரம் போய்விடும். கல்யாணி ராகச் சாயல் தோன்றினால் தோன்றட்டும். அடுத்த பிடி அதற்கு ஒத்துவராதபோது அதை விட்டுவிட்டால் போதும்.

நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் 72ஆம் படைப்பையும் போவதற்கு முன் கேட்டுவிடுங்கள். க்னுட் டாலெ என்ற டெலிமார்க் ஃபிடில் கலைஞர், தம்மோடு அந்த மெட்டுகள் அழிந்துவிடுமோ என்ற கவலையில் கிரீக்குக்குக் கடிதம் எழுதினார். 1901இல் ஹால்வோர்சன் என்ற வயலின் கலைஞர் டாலெயை எதிரில் வாசிக்கச் சொல்லி 17 மெட்டுகளை எழுதியெடுக்க, கிரீக் அவற்றைப் பியானோவுக்கு அமைத்தார். முதலில் ஃபிடில், பிறகு பியானோ என்ற வரிசையில் கேட்டால், நாட்டார் மெட்டு மேடை இசையாகும்போது எது தங்குகிறது, எது உதிர்கிறது என்பது தெளிவாகும். நால்வர் குழுவைக் கேட்கவும் அதுவே நல்ல தயாரிப்பு. பேர்கனுக்கு அருகில் கிரீக் வாழ்ந்த வீட்டின் வளாகத்தில் ஏறத்தாழ 200 பேர் அமரும் ஓர் அரங்கு இருக்கிறது. மேடைக்குப் பின்னுள்ள கண்ணாடி வழியாக அவர் இசை எழுதிய சிறு குடிலும் ஏரியும் தெரியும். அவசியம் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

கைதட்டலைப் பற்றிக் கவலை வேண்டாம். பல பகுதிகளைக் கொண்ட படைப்பில் ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர் கையை முழுவதும் தாழ்த்தி அவையின் பக்கம் திரும்பும்வரை காத்திருங்கள். நாட்டார் கச்சேரியில் ஒவ்வொரு மெட்டின் முடிவிலும் தட்டலாம். மழை அதிகமுள்ள ஊர்; மழைச்சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

ஐயாற்று வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை படித்துறையில் அமர்ந்து, எண்ணாமல், ஒரே ஸ்பிரிங்காரை ஐந்து முறை கேட்டேன். நான்காவது முறை, வில் தந்தியிலிருந்து எடுபட்ட பிறகும் அடித்தந்திகள் ஒரு கணம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. இதற்கு முன் அதை அறை எதிரொலி என்றே நினைத்திருந்தேன். அரங்கில் அது பின்வரிசைவரை எட்டுமோ என்ற ஐயத்தில், ஃபிடில் கச்சேரிக்கு மட்டும் முன்வரிசைக்கு இடம் மாற்ற முடியுமா என்று மகனுக்கு எழுதியிருக்கிறேன்.