2012-இல் படுதோல்வி, 2023-இல் மேதை: ஒரு டிஃபென்சிவ் கோஆர்டினேட்டரை எப்படி எடைபோடுவது?

ஹட்சன்கரை:

நியூ ஜெர்சியில் குடியேறிய நாளிலிருந்து, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஆடும் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஆட்டங்களை விடாமல் பார்த்து வருகிறேன். ஆயினும் ஒரு விஷயத்தில் மட்டும் என்னால் இன்றுவரை ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது அணியின் தற்காப்புக்குத் திட்டம் வகுத்து ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் (பந்து ஆட்டத்துக்கு விடப்படும் நொடிக்கும்) முன்னால் உத்தி சொல்லும் பயிற்சியாளர், உண்மையிலேயே திறமைசாலியா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது?

என்னைக் குழப்புபவர் ஸ்டீவ் ஸ்பாக்னுவோலோ. 2007-இல் அவர் ஜயன்ட்ஸுக்கு வந்தார். ஒரு தோல்வியும் இல்லாமல் வந்த நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், அந்தப் பருவத்தில் மட்டும் 589 புள்ளிகள் குவித்திருந்த அணி, சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் அவருடைய தற்காப்பிடம் 14 புள்ளிகளோடு அடங்கிப் போனது. அதே மனிதர் 2012-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் இருந்தபோது அந்த அணி 7,042 யார்டுகளை, அதாவது எதிரணிகள் பந்தோடு முன்னேறிய தூரத்தை, விட்டுக்கொடுத்தது. அதுவரை எந்த அணியும் ஒரே பருவத்தில் அவ்வளவு விட்டுக்கொடுத்ததில்லை. ஓராண்டிலேயே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2015-இல் மீண்டும் ஜயன்ட்ஸுக்கு வந்தார். யார்டுக் கணக்கில் 32 அணிகளில் கடைசி இடம். மறு ஆண்டு 284 புள்ளிகள் மட்டுமே விட்டுக்கொடுத்து அதே அணி இரண்டாம் இடத்தில் நின்றது. அதற்கடுத்த ஆண்டு யார்டுக் கணக்கில் 31-ஆம் இடம். பிறகு 2019-இல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்குப் போய் அங்கே மூன்று சூப்பர் பௌல் கோப்பைகளில் பங்கு பெற்றுவிட்டார்.

ஒரு மனிதரின் அறிவு ஆண்டுக்கு ஆண்டு இப்படி ஏறி இறங்குமா? அல்லது நாம் பார்க்கும் கணக்குதான் தவறா?

திண்ணைக்கணக்கன்:

கணக்கில் தவறில்லை. அந்தக் கணக்கு யாரைப் பற்றியது என்பதில்தான் நாம் தவறு செய்கிறோம்.

யார்டுக் கணக்கை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மூன்று டச் டவுன் (ஒவ்வொன்றும் ஆறு புள்ளி) முன்னிலையில் இருக்கும் அணி, கடிகாரம் ஓடினால் போதும் என்று எதிரணிக்குச் சிறு சிறு பாஸ்களை வேண்டுமென்றே அனுமதிக்கும். அந்த யார்டுகள் அனைத்தும் கோஆர்டினேட்டரின் பெயரில் பற்று எழுதப்படும். புள்ளிக் கணக்கு இதைவிட மேல் என்றாலும், அதிலும் கலப்படம் உண்டு. நம் குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) எறிந்த பந்தை எதிரணி வீரர் பிடித்து நேரே நம் எல்லைப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் ஓடினால், களத்தில் நம் தற்காப்பு வீரர் ஒருவர்கூட இல்லாத அந்த ஆறு புள்ளிகளும் "விட்டுக்கொடுத்த புள்ளி" என்றே பதிவாகும்.

அடுத்தது வேகம். 2013 முதல் 2015 வரை சிப் கெல்லி பிலடெல்பியா ஈகிள்ஸை நடத்தியபோது, அவருடைய தாக்குதல் அணி மூச்சு விடாமல் ஆடியது. மூன்று முயற்சியில் தோற்றால் ஒரு நிமிடத்துக்குள் பந்து எதிரணியிடம் போய்விடும், தண்ணீர் குடிக்க உட்கார்ந்த தற்காப்பு வீரர்கள் மறுபடி எழுந்து ஓட வேண்டும். அத்தகைய அணியை "ஓர் ஆட்டத்துக்கு இத்தனை" என்று அளப்பது அநியாயம். ஒரு டிரைவுக்கு (பந்து ஒருமுறை கைக்கு வந்து போகும்வரை) எத்தனை புள்ளி, ஒரு ஸ்னாப்புக்கு எத்தனை யார்டு என்று பார்ப்பதே முறை.

பந்தைப் பறிப்பதை எல்லோரும் பயிற்சியாளரின் கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறார்கள். தரையில் உருளும் பந்து யார் கைக்குப் போகும் என்பது ஏறத்தாழப் பூவா தலையா போடுவதுதான். எதிரணி எறிந்த பந்தைப் பிடிக்கும் இடைமறிப்புகளும் நிலையாக நிற்பதில்லை. 2018-இல் விக் ஃபாஞ்சியோவின் கீழ் சிகாகோ பேர்ஸ் 27 இடைமறிப்புகளோடு மொத்தம் 36 முறை பந்தைப் பறித்தது. ஃபாஞ்சியோ டென்வருக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய், சக் பகானோ வந்த 2019-இல் அது 19 ஆகச் சுருங்கியது. பகானோவைத் திட்டாதவர் இல்லை. ஆனால் விட்டுக்கொடுத்த புள்ளிகளோ 283-இலிருந்து 298 ஆகத்தான் உயர்ந்தன, அதுவும் முன்வரிசைத் தூணான அக்கீம் ஹிக்ஸ் பெரும்பாலான ஆட்டங்களில் காயத்தால் இல்லாத ஆண்டில்.

ஆரன் ஷாட்ஸ் உருவாக்கிய டி.வி.ஓ.ஏ. போன்ற அளவுகள் இந்தக் குறைகளில் பலவற்றைக் களைகின்றன; எத்தனையாவது டவுன் (பத்து யார்டு முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), இன்னும் எத்தனை யார்டு தேவை, எதிரணி எத்தகையது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்து லீக் சராசரியோடு ஒப்பிடுகின்றன. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆனாலும் அது அளப்பது தற்காப்பு அணியை, கோஆர்டினேட்டரை அல்ல.

மூன்றாம்டவுன்:

கடைசி வாக்கியத்தோடு நிறுத்திவிட்டீர்களே ஐயா, கேள்வி தொடங்குவதே அங்கேதான். எந்த எண்ணை எடுத்தாலும் அதில் வீரர்களின் பங்கு எவ்வளவு, திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க ஒரே வழிதான் இருக்கிறது: ஒன்று மாறாமல் இருக்க மற்றொன்று மாறிய இடங்களைத் தேடிப் பார்ப்பது.

ஹட்சன்கரை நண்பர் காட்டிய 2015, 2016 ஜயன்ட்ஸ் அப்படிப்பட்ட இடம். கோஆர்டினேட்டர் அவரேதான், பாடமும், அதாவது ஆட்டமுறையும், அதேதான். மாறியது என்ன? 2016 மார்ச்சில் அணி கஜானாவைத் திறந்து ஒலிவியர் வெர்னன், டாமன் ஹாரிசன், ஜனோரிஸ் ஜென்கின்ஸ் ஆகிய தற்காப்பு வீரர்கள் மூவரையும் ஒரே மூச்சில் வாங்கியது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்த ஒரே ஆண்டு ஏற்றத்தைக் கண்டு ஸ்பாக்னுவோலோவைப் புகழ்ந்தவர்களும், மறு ஆண்டுச் சரிவைக் கண்டு இகழ்ந்தவர்களும் சட்டியைத் திறந்து பார்க்கவே இல்லை.

எதிர்த் திசையில் மிகத் தெளிவான சான்று 1985 சிகாகோ பேர்ஸ். கோஆர்டினேட்டர் படி ரையனின் "46" என்ற தற்காப்பு முறை 16 ஆட்டங்களில் 198 புள்ளிகளை மட்டும் விட்டுக்கொடுத்து, சூப்பர் பௌலில் 46-10 என்று வென்றது. வீரர்கள் தலைமைப் பயிற்சியாளரையும் ரையனையும் சேர்த்தே தோளில் தூக்கிச் சென்றார்கள். சில நாட்களிலேயே ரையன் ஈகிள்ஸுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்த வின்ஸ் டோபின் "46"-ஐப் பெரும்பாலும் மூட்டை கட்டி வைத்துவிட்டு நிதானமான முறையொன்றை ஆடவைத்தார். 1986-இல் அதே வீரர்கள் விட்டுக்கொடுத்தது 187 புள்ளிகள். இதை வைத்து ரையன் ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிங்கிள்டரியும் டென்ட்டும் ஹாம்ப்டனும் கைவசம் இருந்தால் வெவ்வேறு இரண்டு பாடங்களும் ஒரே மதிப்பெண்ணைத் தரும் என்று மட்டும் சொல்வேன்.

பிராண்டன் ஸ்டேலி இன்னும் அண்மைய எடுத்துக்காட்டு. 2020-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் தற்காப்பு புள்ளியிலும் யார்டிலும் முதலிடம். ஆரன் டானால்டும் ஜேலன் ராம்சியும் அங்கே இருந்தார்கள். கோஆர்டினேட்டராக அந்த ஒரே ஓர் ஆண்டை வைத்து அவரைச் சார்ஜர்ஸ் தலைமைப் பயிற்சியாளராக்கியது. தற்காப்புதான் அவருடைய கைத்தொழில். ஆனால் அங்கே தேறாமல் போனதும் அதுதான். 2023 டிசம்பரில் ரெய்டர்ஸிடம் 63-21 என்று தோற்ற மறுநாள் அவர் நீக்கப்பட்டார்.

அப்படியானால் கோஆர்டினேட்டரால் ஒன்றும் ஆகாதா என்றால், வேட் பிலிப்ஸைப் பாருங்கள். 2010-இல் 427 புள்ளிகள் விட்டுக்கொடுத்த ஹூஸ்டன் டெக்சன்ஸை அவர் 2011-இல் ஏற்றார். அணி உரிமையாளர்கள் செய்த கதவடைப்பால் வசந்தகாலப் பயிற்சியே நடக்காத ஆண்டு அது. நால்வர் முன்வரிசையை மூவர் முன்வரிசையாக மாற்றினார், ஐந்தாம் ஆட்டத்தில் மாரியோ வில்லியம்ஸைக் காயத்துக்குப் பறிகொடுத்தார், ஆனாலும் பருவ முடிவில் விட்டுக்கொடுத்தது 278. ஜே. ஜே. வாட் அந்த ஆண்டுதான் வந்தார், ஜொனாதன் ஜோசப்பும் அப்போதுதான் வந்தார் என்று நீங்கள் மறுக்கலாம், சரிதான். ஆனால் அவர் போன ஊரிலெல்லாம், முதல் ஆண்டிலேயே இது திரும்பத் திரும்ப நடந்தது. 2015-இல் டென்வருக்குப் போன முதல் ஆண்டிலேயே சூப்பர் பௌல். சட்டி மாறிக்கொண்டே இருந்தும் சமையல் மாறாமல் ருசித்தால், அங்கே சமையற்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பனிக்கால ரசிகை:

இருவருமே பருவக் கணக்கைத் தாண்டி வரவில்லை என்பது என் குறை. கோஆர்டினேட்டரின் வேலை ஆட்டத்துக்குள் நடக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியும்.

2007-ஐயே எடுத்துக்கொள்வோம். ஜிம் ஜான்சனிடம் பிலடெல்பியாவில் பயின்ற ஸ்பாக்னுவோலோ என்.எஃப்.எல்.-இல் முதல் முறையாகக் கோஆர்டினேட்டர் ஆன ஆண்டு. முதல் இரண்டு ஆட்டங்களில் டல்லாஸுக்கு 45, கிரீன் பேவுக்கு 35 என்று 80 புள்ளிகள் போயின. அன்று அவரை எடைபோட்டிருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பருவ முடிவில் சூப்பர் பௌலில், ஓரத்தில் ஆடும் ஜஸ்டின் டக்கை நடுவே கொண்டுவந்து, வேகம் குறைந்த கார்டுகளுக்கு (குவாட்டர்பேக்கைக் காக்கும் உள்வரிசை வீரர்களுக்கு) எதிரே நிறுத்தி, பெரும்பாலும் நான்கு பேரை மட்டுமே அனுப்பி பேட்ரியாட்ஸ் குவாட்டர்பேக் டாம் பிரேடியை ஐந்து முறை வீழ்த்தினார்கள். அந்த நகர்த்தல் திட்டத்தின் பலன். டக்கின் கைவலிமை வேறு கணக்கு.

2024 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தில், ஆட்டம் முடிய ஏறத்தாழ இரண்டு நிமிடம் இருக்க, மூன்றாம் டவுனில் சான் பிரான்சிஸ்கோ தேவையான யார்டைக் கடந்து மறுபடி முதல் டவுனை எடுத்திருந்தால் ஏறத்தாழ ஆட்டமே முடிந்திருக்கும். அந்த இடத்தில் எந்தக் கோஆர்டினேட்டருக்கும் பின்னால் ஆட்களைக் குவித்துப் பாதுகாக்கத்தான் தோன்றும். ஸ்பாக்னுவோலோ, பாஸ்களைத் தடுக்க ஓரத்தில் நிற்கும் கார்னர்பேக் டிரென்ட் மெக்டஃபியைக் குவாட்டர்பேக்கின் மீது ஏவினார். ஓடிவந்த மெக்டஃபி பந்தைக் கையால் தட்டிவிட்டார், எதிரணி மூன்று புள்ளிகளோடு நிறைவடைய வேண்டியதாயிற்று. அது ஒருமுறை அடித்த அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால், அவருடைய மூன்றாம் டவுன்களைப் பத்து ஆட்டங்களுக்குத் தொடர்ந்து பார்க்கச் சொல்வேன்.

மூன்றாம்டவுன் அவர்களின் சோதனையைச் சீஃப்ஸுக்கே பொருத்திப் பாருங்கள். 2022-இல் டைரன் மேத்தியூவும் சார்வேரியஸ் வார்டும் போனார்கள். அதே ஆண்டு டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில்) மெக்டஃபி, கார்லாஃப்டிஸ், பிரையன் குக், ஏழாம் சுற்றில் ஜேலன் வாட்சன் என்று இளைஞர்கள் வந்தார்கள். 2023-இல் அந்தத் தற்காப்பு 294 புள்ளிகளோடு லீக்கில் இரண்டாம் இடம். பிறகு லஜேரியஸ் ஸ்னீடை டென்னசிக்கு விற்றார்கள். 2024-லும் புள்ளிக் கணக்கில் நான்காம் இடம். விலை உயர்ந்தவர்கள் வெளியேற, அனுபவமற்றவர்கள் உள்ளே வர, தரம் குறையாமல் நிற்கிறது என்றால், பயிற்சியாளருக்கு மதிப்பெண் போட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. இவ்வாறே, நியூ ஆர்லியன்ஸில் பெரும்பாலும் சிறப்பு அணிகளில் (உதை ஆட்டங்களுக்கான குழுக்களில்) ஆடிக்கொண்டிருந்த ஸாக் பான், 2024-இல் ஃபாஞ்சியோவின் கீழ் ஈகிள்ஸில் உள்வரிசை லைன்பேக்கராகி (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவராகி), ஆண்டின் சிறந்த வீரர்களுக்கான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறர் கண்ணில் படாத வீரருக்கு உரிய இடத்தைக் கண்டுபிடிப்பது எந்தப் புள்ளிவிவரப் பத்தியிலும் தனியே வராது.

ஹட்சன்கரை:

சீஃப்ஸின் முன்வரிசையில் கிறிஸ் ஜோன்ஸ் அந்த ஆண்டுகள் முழுவதும் நடுவே நின்றுகொண்டிருந்தாரே? தாக்குதல் பக்கம் குவாட்டர்பேக் மஹோம்ஸ் இருப்பதால், துரத்த வேண்டிய கட்டாயத்தில் எதிரணிகள் எறிந்துகொண்டே இருந்தனவே? அவற்றையும் கழிக்க வேண்டாமா? மேலும் 2012-ஐ யாரும் தொடவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். அந்த ஆண்டு கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்ததா?

திண்ணைக்கணக்கன்:

ஜோன்ஸையும் மஹோம்ஸையும் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் 2018-லும் அவ்விருவரும் அதே அணியில் இருந்தார்கள். பாப் சட்டனின் கீழ் அந்தத் தற்காப்பு 421 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. மறு ஆண்டு ஸ்பாக்னுவோலோ வந்தபின் 308. மேத்தியூவும் ஃபிராங்க் கிளார்க்கும் புதிதாக வந்ததற்காகப் பாதியைத் தள்ளினாலும் மீதி நிற்கும்.

2012-இல் கூடம் கோணல்தான். எதிரணி வீரரைக் காயப்படுத்தினால் பணம் என்ற பௌண்டி விவகாரத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டன் பருவம் முழுவதும் தடைசெய்யப்பட்டு, இடைக்காலத்தில் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக அணியை நடத்தினார்கள். மறு ஆண்டு பேட்டன் திரும்பிவர, ராப் ரையன் பொறுப்பேற்று 304 புள்ளிகளோடு நான்காம் இடத்துக்கு ஏற்றினார்; ஊரே கொண்டாடியது. 2014-இல் அதே ரையனின் கீழ் யார்டுக் கணக்கில் 31-ஆம் இடம். எனவே அங்கே இருந்த சிக்கல் ஸ்பாக்னுவோலோவோடு வந்து அவரோடு போன ஒன்றல்ல. அதற்காக அவரை முழுவதுமாக விடுவிக்கவும் நான் தயாரில்லை. அவருடைய முறை, பந்து நகரும் கடைசி நொடிவரை கவரேஜை, அதாவது பாஸைத் தடுக்க யார் எங்கே காவல் நிற்பார் என்பதை, மறைத்து வைப்பது. மேத்தியூ போன்ற, களத்திலேயே மற்றவரைத் திருத்தும் சேஃப்டி (கடைசி வரிசைத் தற்காப்பாளர்) இல்லாத இடத்தில் அது தன் வீரர்களையே குழப்பும். கையில் இருப்பவர்களுக்கு ஏற்பப் பாடத்தைச் சுருக்கியிருக்க வேண்டும். 2012-இல் அவர் சுருக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

பனிக்கால ரசிகை:

அதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், ஹட்சன்கரை. தொலைக்காட்சிப் படம் பந்தையே பின்தொடர்வதால் சேஃப்டிகள் இருவரும் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே நிற்பார்கள். என்.எஃப்.எல். பிளஸ் பிரீமியம் சந்தாவில் 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த ஆல்-22 படம் கிடைக்கிறது. ஒரே ஆட்டத்தின் மூன்றாம் டவுன்களை மட்டும் எடுத்து, ஸ்னாப்புக்கு முந்தைய நொடியில் படத்தை நிறுத்தி சேஃப்டிகள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு நொடி கழித்து மறுபடி நிறுத்திப் பாருங்கள். இடம் மாறியிருந்து, அதில் ஒருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கை விரிக்காமல் இருந்தால், அந்த வாரம் கற்பித்தவர் தம் வேலையைச் செய்திருக்கிறார்.