16 வயதானால் பெரியவர்களைப் போலத்தான் விசாரிப்பார்களா? சிறார் நீதிச் சட்ட மாற்றங்கள் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: மாலை வகுப்பு ஆசிரியை, கொருக்குப்பேட்டை

வணக்கம். என்னிடம் நான்கு ஆண்டுகள் மாலை வகுப்பில் படித்த ஒரு சிறுவன், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற பின் வீட்டுச் சூழலால் படிப்பை நிறுத்திவிட்டு, காசிமேட்டில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் நிரப்பும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு 16 வயதும் ஐந்து மாதங்களும் ஆகின்றன. சென்ற வாரம் ஓர் இரவில், 20 வயதைத் தாண்டிய இருவருடன் அவன் இருந்தபோது, வழியில் சென்ற ஒருவரிடமிருந்து செல்போனும் பணமும் பறிக்கப்பட்டிருக்கின்றன. மூவரில் ஒருவர் கையில் கத்தி இருந்தது என்றும், அது இவன் கையில் இல்லை என்றும் சொல்கிறார்கள்.

காவல் நிலையத்தில் அவன் வயதை 19 என்று எழுதி, மற்ற இருவருடன் சேர்த்தே நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டார்கள். மூவரும் இப்போது சிறையில் இருக்கிறார்கள். "சட்டம் மாறிவிட்டது, 16 முடிந்தாலே பெரியவர் கணக்குத்தான், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று தெருவில் ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டு அவன் தாயார் கலங்கிப்போயிருக்கிறார். இது உண்மையா? அவன் பிழை செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. சிறுவனைச் சிறுவனாக நடத்தச் சட்டத்தில் இன்னும் இடமிருக்கிறதா என்பதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1: வழக்கறிஞர், தண்டையார்பேட்டை

டீச்சர், தெருவில் சொல்வது தவறு. ஆனால் அது தவறு என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய பொறுப்பு இப்போது அந்தத் தாயார் மேல் விழுந்திருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்திலும் 18 வயது நிறைவடையாதவர் சிறுவர்தான். அந்த வரம்பு குறைக்கப்படவில்லை. மாறியது ஒன்றே. 16 வயது முடிந்து 18 முடியாத ஒருவர் மீது கொடுங்குற்றம் சுமத்தப்பட்டால் மட்டும், அவருடைய மனநிலை, உடல்நிலை, செயலின் விளைவை உணரும் திறன், குற்றம் நடந்த சூழல் ஆகியவற்றை, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் 15ஆம் பிரிவின்படி முதல்கட்டமாக மதிப்பிட்டு, தேவையெனக் கருதினால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கும் பெரியவரைப் போல விசாரிக்கத்தான் வேண்டுமா என்பதை நீதிபதி மீண்டும் ஒருமுறை முடிவு செய்ய வேண்டும்.

கொடுங்குற்றம் என்பது, குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ என்று சட்டம் சொல்லும் குற்றம். அதிகபட்சத் தண்டனை எவ்வளவு என்பது இங்கே கணக்கில்லை. 2020 ஜனவரியில் ஷில்பா மித்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்து, அத்தீர்ப்பின் நிலையைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. சாதாரண வழிப்பறிக்குக் குறைந்தபட்சத் தண்டனை எதுவும் வகுக்கப்படவில்லை என்பதால், அது கொடுங்குற்றம் ஆகாது.

உங்கள் மாணவன் விஷயத்தில் கவனிக்க வேண்டியது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 311ஆம் பிரிவு. கொள்ளையின்போது கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்கு ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத தண்டனை என்கிறது அது. அது சேர்க்கப்பட்டிருந்தால் கொடுங்குற்றம் என்ற கதவு திறந்துவிடும். ஆயினும், பழைய தண்டனைச் சட்டத்தின் 397ஆம் பிரிவாக இது இருந்தபோதே, ஆயுதத்தைப் பயன்படுத்திய நபருக்கு மட்டுமே இப்பிரிவு பொருந்தும், உடனிருந்தவருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1975இல் கூறியிருக்கிறது. ஆகவே முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி, எந்தெந்தப் பிரிவுகள் போடப்பட்டிருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

இப்போது வயது. தாம் சிறுவர் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், வழக்கின் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம் என்கிறது 9ஆம் பிரிவு. வயதை எப்படி முடிவு செய்வது என்பதை 94ஆம் பிரிவு சொல்கிறது: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், இல்லையென்றால் மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. பலரும் மாற்றுச் சான்றிதழை, அதாவது டி.சி.யை, மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது இந்தப் பிரிவு கேட்கும் சான்று அல்ல என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசலையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். சிறுவன் என்று முடிவானால் வழக்கின் அவன் பகுதி கெல்லீஸில் இருக்கும் குழுமத்துக்கு மாற்றப்படும். பெரியவர்களுடன் சேர்த்து அவனை விசாரிப்பதை 23ஆம் பிரிவு தடுக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம்.

மறுமொழி 2: ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்

வழக்கறிஞர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பறிகொடுத்தவர் பக்கமும் யாராவது பேச வேண்டும். இரவுப் பணி முடிந்து நடந்து வரும்போது என் தம்பி இப்படித்தான் கத்திமுனையில் செல்போனைப் பறிகொடுத்தான். அதன்பின் பல மாதங்கள் அந்தத் தெரு வழியே வர அஞ்சினான். சிறுவர்களுக்குத் தண்டனை குறைவு என்று தெரிந்தே பெரியவர்கள் அவர்களை முன்னே நிறுத்துகிறார்கள். சட்டம் இதைக் காணவில்லையா?

மறுமொழி 3: ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. சட்டம் அதைக் கண்டிருக்கிறது; பயன்படுத்துவதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். சிறுவர்களைச் சட்டவிரோதச் செயல்களுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவு. புதிய சன்ஹிதாவின் 95ஆம் பிரிவு, குழந்தையை அமர்த்திக் குற்றம் செய்விப்பவருக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத தண்டனை விதிக்கிறது. இந்த வழக்கில் அவனை அழைத்துப் போன இருவர் மீது இப்பிரிவுகள் போடப்பட்டிருக்கின்றனவா என்று கேட்பது, பறிகொடுத்தவருக்கும் நியாயம், சிறுவனுக்கும் நியாயம்.

நாட்டிலேயே முதல் சிறார் சட்டம் 1920இல் சென்னை மாகாணத்தில்தான் பிறந்தது. 1986இன் மத்தியச் சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு 16 ஆக இருந்த வரம்பு, 2000இல் 18 ஆனது. டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையில் 17 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்ததால் எழுந்த கோபத்தில்தான் இப்போதைய 15ஆம் பிரிவு வந்தது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தில் எழுதப்பட்ட ஒரு பிரிவைச் செல்போன் பறிப்புக்கும் நீட்டிப் பேசுவதை ஏற்க முடியாது.

ஆசிரியை அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். வழக்கு குழுமத்துக்கு வந்ததும், நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரங்களுக்குள் சிறுவனின் குடும்பம், படிப்பு, நட்பு, வேலை ஆகியவை பற்றி ஓர் அறிக்கை தர வேண்டும். பிணை முதல் இறுதி ஆணை வரை அந்த அறிக்கைதான் பேசும். அலுவலரின் கையில் ஒரே நேரத்தில் எத்தனையோ கோப்புகள் இருக்கும். வீட்டுக்கு ஒருமுறை வந்து, அக்கம்பக்கத்தில் இருவரைக் கேட்டு எழுத வேண்டிய நிலைதான் எனக்கும் இருந்தது. அவனை நான்கு ஆண்டுகள் அறிந்த நீங்கள் அவரை நேரில் சந்தித்துப் பேசினால், எந்தக் கோப்பிலும் இல்லாதது அதில் இடம்பெறும்.

பிணை பற்றியும் அஞ்ச வேண்டாம். 12ஆம் பிரிவின்படி சிறுவருக்குப் பிணை தருவதே விதி. வெளியே போனால் குற்றவாளிகளுடன் சேர்வான், அவனுக்கே ஆபத்து நேரும், அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். ஆகவே வெளியே வந்ததும் அவன் எங்கே தங்குவான், என்ன செய்வான் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 2022இன் கடைசி நாளில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்ததையும், அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு அரசு ஒரு நபர் குழு அமைத்ததையும் நாம் மறக்கக் கூடாது. இல்லத்தில் ஒரு நாள் குறைந்தாலும் அது பிள்ளைக்கு நல்லது.

கேள்வி கேட்டவர்: தொடர்ச்சி

மூவருக்கும் நன்றி. ராயபுரம் நண்பரின் தம்பிக்கு நேர்ந்ததைப் படித்தபோது மனம் கனத்தது. பறிகொடுத்தவரைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதாமல் விட்டது பிழைதான்.

மதிப்பெண் சான்றிதழின் அசல் அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. முதல் தகவல் அறிக்கையில் 311 சேர்க்கப்பட்டிருக்கிறது, 95 இல்லை. சட்ட உதவி வழக்கறிஞர் வயது குறித்த மனுவைத் திங்கட்கிழமை தாக்கல் செய்கிறார். பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத முடியுமா என்று அவனுடைய பழைய பள்ளியில் நாளை கேட்கப் போகிறேன். அதுவரை பெரம்பூரில் இருக்கும் அவன் சித்தி தம் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி, எழுதியும் கொடுத்திருக்கிறார்.